எஞ்சினியர் ஏறிய பஸ்

முதல் நாள் வேலைக்குப் போகிறவனிடம் மூளையைத் தவிர மற்ற எல்லாம் சரியாக இருக்கும். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. ஷூவில் முகம் பார்க்கலாம். தலை படிய வாரியிருக்கும். மூளை மட்டும் அன்றைக்கு லீவு போட்டிருக்கும். இதை நான் பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் ஒரு டிசம்பர் காலையில், ஷார்ஜாவில், என் மூளை லீவு போட்டதால் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் கடைசி வருடம். ஊர் கீழக்கரை. அரபு நாட்டுக்குப் போவது எங்கள் குடும்பத்தில் பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரி. ஆனால் போனவர்கள் அத்தனை பேரும் கடைக்குப் போனவர்கள். துணிக்கடை, கடிகாரக்கடை, மளிகைக்கடை. படித்துக்கொண்டிருக்கும்போதே 'டிரெய்னிங்' என்று சொல்லி விமானம் ஏறிய முதல் ஆள் நான்தான். என் ராத்தா மரியமும் (எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவள் மாப்பிள்ளை கமால் மச்சானும் ஷார்ஜா ரோலாவில் குடியிருந்தார்கள். மச்சானுக்கு அங்கே துணிக்கடை. கடைக்கு வந்து போகிற ஒருவரிடம் சொல்லி, குளிர்சாதன எந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்திருந்தார்.

அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ரோலா முழுவதும் சொல்லிவிட்டார். டீக்கடையில் சொன்னார், முடிவெட்டும் கடையில் சொன்னார், ஊருக்குப் பணம் அனுப்ப எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். "என் மச்சினன் வர்றான். எஞ்சினியரு." நான் வந்திறங்கியபின் அவரோடு தெருவில் நடந்தால், மலையாளி டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு சலாம் சொல்வார். (பட்டம் வாங்க இன்னும் ஆறு மாசம் பாக்கி இருக்கேன்னு சொல்ல எனக்கும் வாய் வரல.)

முதல் நாளுக்காக மச்சான் தன் கடையிலேயே நல்ல துணியாக எடுத்து பேன்ட், சட்டை தைத்துக் கொடுத்தார். கூடவே மெரூன் நிறத்தில் ஒரு பட்டு டை. ராத்தா விடியும் முன்பே எழுந்து நெய்ச்சோறும் மீன் பொரியலும் கட்டிக் கொடுத்தாள்.

"நான் வந்து பஸ் ஏத்தி விடுறேன் மாப்ள" என்றார் மச்சான்.

"நான் என்ன ஸ்கூலுக்கா போறேன் மச்சான்? நீங்க தூங்குங்க" என்றேன்.

வாழ்க்கையில் நான் விட்ட மிகப் பெரிய சவடால் அதுதான்.

கம்பெனியில் எனக்குச் சொல்லியிருந்த அடையாளம் தெளிவானது. ரோலா பார்க்குக்கு எதிரில், காலை ஆறு மணிக்கு, வெள்ளை பஸ். கம்பெனி பெயர் நீல எழுத்தில் இருக்கும். 'அல்' என்று ஆரம்பிக்கும். போய்ப் பார்த்தால் பார்க்குக்கு எதிரில் தெருவின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை வெள்ளை பஸ்கள். எல்லாவற்றிலும் நீல எழுத்து. எல்லாம் 'அல்'. அந்த ஊரில் எந்தக் கம்பெனிதான் 'அல்' இல்லாமல் ஆரம்பித்தது? இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. ஆட்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு ஓடி ஓடி ஏறுகிறார்கள். ஒவ்வொரு பஸ்ஸும் ஹாரன் அடிக்கிறது.

ஒரு பஸ்ஸின் படியில் ஆறடிக்கு மேல் உயரமாக ஒரு பெஷாவர் பட்டாணியர் நின்றுகொண்டிருந்தார். மருதாணி போட்டுச் சிவந்த தாடி. என்னைப் பார்த்ததும் கையை நீட்டி, "நயா ஆத்மி?" என்றார். புது ஆளா என்று கேட்கிறார். அந்த அளவுக்கு எனக்கே புரிந்தது. புது ஆள்தானே நான்!

"அச்சா" என்றேன்.

எனக்குப் பேசத் தெரிந்த இந்தி மொத்தமும், சரி, நல்லது என்று பொருள்படும் அந்த ஒரு சொல்தான். அதை அன்றைக்குச் சாயங்காலம் வரை நான் படுத்திய பாட்டை நினைத்தால் அந்தச் சொல்லுக்காகவே இரக்கம் வருகிறது.

"காம் மாலூம்?" வேலை தெரியுமா?

"அச்சா."

"நாம்?"

நாம் என்றால் தமிழில் நாமெல்லோரும். 'நாம் போகலாமா' என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "அச்சா!" என்று உற்சாகமாகச் சொன்னேன். அவர் என் பெயரைக் கேட்டார் என்பதும், அந்த நொடியிலிருந்து என் பெயர் அச்சா ஆகிவிட்டது என்பதும் எனக்குத் தெரியாது. என் டையைப் பிடித்து ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே ஏற்றினார். நான் சன்னலோரமாக உட்கார்ந்து தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது பஸ், தைத் என்கிற ஊருக்குப் போகும் சாலையோரம் நின்றிருந்தது. சுற்றிலும் மணல். தொழிற்சாலை இல்லை, கட்டடம் இல்லை, ஒரு தகரக் கொட்டகைகூட இல்லை. சாலை ஓரமாகக் குழாய் போட்டிருந்தது. ஒரு லாரி நிறையச் செடிகள் நின்றன.

புத்தி உள்ளவன் இந்த இடத்தில் கேட்டிருப்பான். நான் யோசித்தேன். அதுதான் வினை. 'வெளிநாட்டுக் கம்பெனிகளில் எடுத்த உடனே மேசை நாற்காலி கொடுக்க மாட்டார்கள், முதலில் மண்ணில் இறக்கிச் சோதிப்பார்கள், ஏன் எதற்கு என்று கேட்டால் அங்கேயே மார்க் போய்விடும்' என்று கல்லூரியில் ஒரு சீனியர் சொல்லியிருந்தான். (அவன் பாஸ்போர்ட்டே எடுத்ததில்லைன்னு பின்னாடிதான் தெரிஞ்சது.) ஆக, புதுத் தொழிற்சாலை இங்கேதான் வரப்போகிறது, முதலில் இடத்தைப் பசுமையாக்குகிறார்கள், சிவப்புத் தாடிக்காரர்தான் டிரெய்னிங் ஆபீசர். எல்லாம் சரியாகப் பொருந்தியது. முட்டாள்தனத்துக்கு ஒரு குணம் உண்டு. அதில் ஓட்டையே இருக்காது.

தாடிக்காரரை எல்லோரும் கான் சாப் என்று அழைத்தார்கள். கான் சாப் என் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்துக் குழி தோண்டும் இடத்தைக் காலால் கீறிக் காட்டினார். நான் ஷூவைக் கழற்றி வைத்தேன். டையைக் கழற்றவில்லை. மேனேஜர் திடீரென்று வந்து நின்றால்?

முதல் குழி சரிந்து மூடிக்கொண்டது. மணல் அப்படித்தான், நாம் தோண்டத் தோண்ட அது வீட்டுக்குத் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த வங்காளத்துக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தண்ணீரை முதலில் ஊற்றி ஈரமாக்கி, சரிவாக வெட்டி இறங்கினேன். இரண்டாவது குழி நின்றது. நிமிர்ந்து பார்த்தால் கான் சாப் தாடியை உருவிக்கொண்டு நிற்கிறார்.

"சாபாஷ் அச்சா!"

என்னை எதற்கு 'அச்சா' என்கிறார் என்று யோசித்தேன். பாராட்டுகிறார் என்று முடிவு செய்தேன். அதன்பிறகு நாள் முழுக்க அவர், "அச்சா, பானி லாவ்!", "அச்சா, இதர் ஆவ்!" என்று தண்ணீர் கொண்டுவரச் சொல்லியும் பக்கத்தில் கூப்பிட்டும் கத்தும்போதெல்லாம் என்னை இடைவிடாமல் பாராட்டுகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாகத் தோண்டினேன்.

நட வேண்டிய கன்றுகளை இறக்கியபோதுதான் கவனித்தேன். எல்லாம் வேப்பங்கன்றுகள். அந்தப் பாலைவனத்தில் என்னைத் தவிரத் தமிழ்நாட்டு முகம் அது ஒன்றுதான். அவை மட்டும் பேசுமானால் என்னைப் பார்த்து முதலில் என்ன கேட்டிருக்கும் என்பதை இப்போது யூகிக்க முடிகிறது.

ஒரு கன்று மட்டும் காற்றில் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. குச்சி நட்டுக் கட்ட வேண்டும். கயிறு தீர்ந்துபோயிருந்தது. கான் சாப் அங்கும் இங்கும் பார்த்தார். கடைசியில் அவர் பார்வை என் கழுத்தில் வந்து நின்றது.

"அச்சா?" என்று கேட்டார்.

"அச்சா" என்றேன், வேறென்ன சொல்வது?

மச்சான் கடையின் மெரூன் பட்டு டை, குச்சியையும் கன்றையும் சேர்த்துக் கட்டிய முடிச்சில் போய் உட்கார்ந்தது. என்னைவிட அதற்கு எடுப்பாகவே இருந்தது.

மதியம் லாரியின் நிழலில் தொழுதோம். அன்றைக்கு நான் யாரையும் பார்த்துச் செய்யாமல், எனக்கே தெரிந்து செய்த ஒரே காரியம் அந்தத் தொழுகை. பிறகு வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ராத்தாவின் நெய்ச்சோற்றுப் பாத்திரம் வட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்தபோது அதில் வாசனை மட்டும்தான் இருந்தது. பதிலுக்கு கான் சாப் ஒரு முறம் அளவுக்கு ரொட்டியைப் பிய்த்து என் மடியில் போட்டார். பசியில் அதைத் தின்றபோது, இந்தக் கம்பெனி நல்ல கம்பெனிதான் என்று மனதாரத் தோன்றியது.

சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் டேங்கர் வந்தது. ஓட்டி வந்தவர் இறங்கியதும் என்னைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட டெரிகாட் பேன்ட், வெறுங்கால், முழங்கால் வரை சேறு. மெதுவாகச் சுற்றி வந்து கேட்டார்.

"தம்பி தமிழா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆமாண்ணே! கீழக்கரை!"

"அட! நமக்குப் பரமக்குடிப் பக்கம். பேரு செல்வராசு. என்ன விசாவுல வந்தீக?"

"விசா எல்லாம் மச்சான் பாத்தாரு. நான் எஞ்சினியரிங் படிக்கிறேண்ணே. இங்க டிரெய்னிங்."

"என்ன டிரெய்னிங்?"

"ஏசி பிளான்ட்."

செல்வராசு அண்ணன் மணலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வேப்பங்கன்றைப் பார்த்தார். "தம்பி" என்றார், ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரலில். "இது தோட்டக் கம்பெனி. ரோட்டோரம் மரம் வைக்கிற காண்டிராக்ட்டு. ஊருலேருந்து புது ஆளு ஒருத்தன் இன்னைக்கு வர்றதா இருந்துச்சு. கான் உங்களை அவன்னு நெனச்சுப்புட்டாரு. நீங்க பஸ் மாறி ஏறிட்டீக."

சொல்லி முடித்ததும் அவருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. டேங்கரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேசிக்கொண்டே திறந்துவிட்ட டேங்கர் குழாயை மறந்துவிட்டதால், நான் காலையிலிருந்து தோண்டி வைத்திருந்த ஒரு குழி குளமாகியது.

தொழிற்சாலையில் என்னைத் தேடுவார்கள். மச்சானுக்குத் தகவல் போயிருக்கும். ராத்தா என்ன செய்வாளோ! போன் செய்ய அங்கே ஏது போன்? செல்வராசு அண்ணனின் டேங்கர் எதிர்த்திசையில் தைத் போகிறது. சாயங்காலம் பஸ் கிளம்பும் வரை வேறு வழியே இல்லை.

"நான் கான்கிட்ட சொல்லிடுறேன். நீங்க நெழல்ல போய் உக்காருங்க தம்பி" என்றார் அவர்.

நிழலைப் பார்த்தேன். பிறகு என் வரிசையைப் பார்த்தேன். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. என் வரிசைக் கன்றுகள் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. மீதிக் குழிகள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தன. இந்தக் கோலத்தில் நிழலில் போய் உட்கார்ந்தால் நான் பஸ் மாறி ஏறிய மடையன் மட்டும்தான். வேறு எதுவும் இல்லை.

"சொல்லாதீங்கண்ணே. இந்த வரிசைய முடிச்சிட்டே போறேன்."

செல்வராசு அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "முடிங்க" என்றார். குளமான குழியை அவரே வந்து சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அந்தப் பிற்பகல் வேலைதான் எனக்கு இன்றைக்கும் இனிப்பது. காலையில் யாரோ சோதிக்கிறார்கள் என்று தோண்டினேன். மதியத்துக்குப் பிறகு யாரும் சோதிக்கவில்லை என்று தெரிந்தே தோண்டினேன். கை முழுக்கக் கொப்புளம். கடைசிக் கன்றுக்கு மண் அணைத்து நிமிர்ந்தபோது கான் சாப் வரிசையின் ஒரு முனையில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு முனை வரை பார்த்தார். எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். மீன் பொரியல் அவர் தாடியில் இன்னும் மணந்தது.

இதற்கிடையில் ரோலாவில் நடந்தது தனிக்கதை. ஒன்பது மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து மச்சானின் கடைக்குப் போன் வந்திருக்கிறது, உங்கள் ஆள் ஏன் வரவில்லை என்று. பெருநாளுக்குக்கூட அரைநாள் மட்டுமே கடை அடைக்கும் மச்சான் ஷட்டரை இழுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். டீக்கடைக்காரர் ஒரு பக்கம், முடிவெட்டுகிறவர் ஒரு பக்கம் தேடப் போனார்கள். ராத்தா குர்ஆனிலிருந்து யாசீன் ஓதி ஓதித் தொண்டை கட்டிக்கொண்டாள். எஞ்சினியர் காணாமல் போன செய்தி, எஞ்சினியர் வந்த செய்தியைவிட வேகமாகப் பரவியிருந்தது.

சாயங்காலம் பஸ் மச்சான் கடை வாசலிலேயே வந்து நின்றது. (நான்தான் கையால் வழி காட்டினேன், பார்க்குக்கு எதிரில் இறங்கியிருந்தால் கொஞ்சம் மானமாவது மிஞ்சியிருக்கும்.) வாசலில் ஒரு கூட்டம். நடுவில் மச்சான். பஸ் கதவு திறந்தது. முதலில் கான் சாப் இறங்கினார். பின்னால் சேற்றில் ஊறிய நான், ஒரு கையில் ஷூ, ஒரு கையில் காலிப் பாத்திரம்.

ராத்தா கடைக்கு மேலிருந்த மாடி வீட்டிலிருந்து "அல்லாவே, என் தம்பி!" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தாள். மச்சான் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"மாப்ள, டை எங்கே?"

"மரத்துக்குக் கட்டியிருக்கு மச்சான்."

கான் சாப் கேட்காமலே சொன்னார். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, கூட்டம் முழுவதுக்கும் கேட்கும்படி இந்தியில் முழங்கினார். மச்சான் அதை எனக்கு மொழிபெயர்த்தார், ஒவ்வொரு சொல்லையும் நம்ப முடியாமல். "இந்த அச்சா மாதிரி ஒரு வேலைக்காரனை நான் பார்த்ததில்லை. வாயே பேச மாட்டான். சொன்னதைச் செய்வான். நாளைக்கும் இவனை அனுப்புங்கள்."

"இவன் எஞ்சினியர்" என்றார் மச்சான், தீனமாக.

கான் சாப் என் கொப்புளம் பிடித்த உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "எஞ்சினியருக்குக் கை இப்படியா இருக்கும்?"

கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. என் கையை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "எஞ்சினியரும்தான், வேலைக்காரனும்தான்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அங்கிருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னார்.

கதை அங்கேயும் முடியவில்லை. மறுநாள் காலை மச்சான் கைலியோடு வந்து என்னை என் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கான் சாப்பின் பஸ் பக்கத்திலேயே வந்து நின்றது. அவர் இறங்கி என் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பிடித்தார். எங்கள் கம்பெனியின் மலையாளி டிரைவர் என் கையைப் பிடித்தார். "ஹமாரா ஆத்மி!" எங்கள் ஆள் என்று அவர் இழுக்க, "இது ஞங்ஙளுடெ ஆளா!" என்று இவர் இழுக்க, ரோலாவின் நடுத்தெருவில் இரண்டு கம்பெனிகள் எனக்காக மல்லுக்கட்டின. கடைசியில் பாத்திரம் கான் சாப்போடு போனது. நான் தொழிற்சாலைக்குப் போனேன்.

மேனேஜர் பம்பாய்க்காரர், சிரிக்கத் தெரியாத மனிதர் என்று பெயர். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டார். சொன்னேன். கையைக் காட்டச் சொன்னார். பிறகு எழுந்து என்னைத் தொழிற்சாலைக்குள் அழைத்துப் போய், எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொன்னார். "இந்தப் பையனை வேறொரு கம்பெனி ஒரே நாளில் திருப்பித் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறது. ஆறு மாதம் கழித்து நாமும் அப்படிச் சொல்கிறோமா, பார்க்கலாம்" என்றார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை. மற்றவர்கள் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் ஆறு மாதம் உழைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் கான் சாப் டீக்கடைக்கு வருவார். "கம்பெனி எப்போது மாறுகிறாய் அச்சா?" என்று கேட்பார். என் இந்தி அவரிடம் படித்ததுதான். பின்னாளில் வடக்கே ஒரு நேர்முகத் தேர்வில் நான் இந்தி பேசியதும், "உங்கள் ஊர் பெஷாவரா?" என்று கேட்டார்கள். பயிற்சி முடிந்த அன்று மேனேஜர், பட்டத்தை வாங்கியதும் திரும்பி வந்துவிடு என்றார். வந்தேன். அங்கேயே பன்னிரண்டு வருடம் இருந்தேன். ஆனாலும் எனக்காக ஒருவர் நடுத்தெருவில் மல்லுக்கு நின்றது அந்த ஒரு தடவைதான். அதை நினைத்து இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறேன். (வேற எதுக்கு நிமிர்த்துறது?)

எங்கள் வீட்டில் இது இன்னும் ஓய்ந்தபாடில்லை. ராத்தாவின் பிள்ளைகளுக்கு நான் அச்சா மாமா. குடும்பத்தில் யார் எங்கே புது வேலைக்குப் போனாலும் முதல் நாள் காலையில் ராத்தாவின் போன் வந்துவிடும், "பஸ்ஸ நல்லாக் கேட்டு ஏறினியா?" என்று. என் மகள் படிப்பின் பகுதியாகப் பயிற்சிக்குச் சீனா கிளம்பியபோதும் வந்தது.

"அங்க எழுத்தும் புரியாது, பேச்சும் புரியாதாமே. உங்க வாப்பா மாதிரி எதுலயாவது ஏறித் தொலைச்சிராத புள்ள" என்றாள் ராத்தா.

என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள்:

"மாறி ஏறினாப் பரவாயில்ல மாமி. சாயங்காலம் அவங்க என்னைத் திருப்பித் தர மாட்டேன்னு சொல்லணும். அவ்வளவுதான்."